வீட்டுப் பக்கத்தில் ஜிம் வந்தால் பதின்வயதுப் பிள்ளைகள் ஓடியாடுவார்களா? (தொடரும் இழை)

மார்ச் 2, காலை – கேள்வி

நாங்கள் இருக்கும் பகுதியில் பிள்ளைகள் விளையாட இடமே இல்லை. இப்போது நடந்து போகிற தூரத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்டலாம் என்று பேச்சு அடிபடுகிறது. என் பிள்ளைகளுக்கு 12, 15 வயது. பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி. பக்கத்திலேயே வசதி வந்துவிட்டால் மாறிவிடுவார்கள் என்று நம்புகிறேன். இதைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா? "நல்லதுதானே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் விவரமாகச் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு – பதில்

நான் மாலை வேளைகளில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். அதனால் இந்தக் கேள்வி என் தினசரிக் கவலை.

உங்கள் சின்னப் பிள்ளைக்கு ஓரளவு உதவும். பெரிய பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகத்தான் உதவும். இதை நானாகச் சொல்லவில்லை. 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, குடியிருப்புச் சூழலுக்கும் பிள்ளைகளின் உடல் உழைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 103 ஆய்வுக் கட்டுரைகளை அலசியது. விளையாட்டு வசதி பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் கூடுதலாக ஓடியாடுகிறார்கள் என்பது சின்னப் பிள்ளைகளிடம் ஓரளவு நிலையாகத் தெரிந்தது. பதின்வயதினரிடம் அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. அவர்களிடம் நின்றவை வேறு இரண்டு: வீடுகள் நெருக்கமாக இருப்பது, வீடு, கடை, பள்ளி எல்லாம் கலந்து இருப்பது. அதாவது நடந்து போவதற்கு ஒரு காரணம் இருப்பது.

மார்ச் 3

நேற்று அவசரமாக எழுதினேன். எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2006-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. 1994-95-இல் தகவல் எடுக்கப்பட்ட 20,745 பதின்வயதினர். ஒவ்வொருவர் வீட்டைச் சுற்றியும் எத்தனை விளையாட்டு, உடற்பயிற்சி வசதிகள் இருக்கின்றன என்று எண்ணினார்கள். வசதிகள் கூடக்கூட, வாரத்தில் ஐந்து முறையாவது வியர்க்க விறுவிறுக்க உழைக்கும் வாய்ப்பும் கூடியது, உடல் பருமன் குறைந்தது. வசதியே இல்லாத பகுதியோடு ஒப்பிட்டால், ஒரு வசதி இருக்கும் பகுதியில் அந்த வாய்ப்பு விகிதம் 1.03 (1 என்றால் வித்தியாசமே இல்லை என்று பொருள்). ஏழு வசதிகள் இருந்தால் 1.26.

1.03 என்பது ரொம்பச் சின்னது. ஒரே ஒரு ஜிம் திறந்து ஊரே மாறிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். ஆனால் ஏழு வசதிகள் என்றால் பேச்சே வேறு. ஒருவனுக்குப் பந்து பிடிக்கும், ஒருத்திக்கு நீச்சல், இன்னொருவருக்கு நடனம். தேர்ந்தெடுக்க நாலு இடம் இருந்தால்தான் நாலு விதமான பிள்ளைகளும் வெளியே வருவார்கள்.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஏழைகள் வாழும் பகுதிகளிலும் சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதிகளிலும் வசதிகள் குறைவாக இருந்தன. எந்தப் பிள்ளைக்கு வேறு வழியே இல்லையோ அந்தப் பிள்ளையின் பக்கத்தில்தான் ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 3, பிற்பகல்

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். அந்த ஆய்வில் "பக்கத்தில்" என்பது வீட்டைச் சுற்றிச் சுமார் 8 கிலோமீட்டர். கார் ஓட்டும் பெரியவருக்கு அது பக்கம்தான். சைக்கிள் இல்லாத, தனியாக அனுப்ப வீட்டில் தயங்குகிற 13 வயதுப் பெண்ணுக்கு 8 கிலோமீட்டர் என்பது வேறு ஊர்.

மார்ச் 5

தூரத்தைச் சுருக்கி எடுத்த ஆய்வு உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு. அதே 2006-இல், அமெரிக்காவின் ஆறு நகரப் பகுதிகளில் ஆறாம் வகுப்பு மாணவிகள் 1,556 பேரிடம் எடுத்தது. பெண்கள் வாயால் சொன்னதை நம்பாமல் இடுப்பில் ஓர் அசைவுமானியைக் கட்டி ஆறு நாள் பார்த்தார்கள். வீட்டிலிருந்து அரை மைலுக்குள் இருக்கும் ஒவ்வொரு பூங்காவுக்கும், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில், ஆறு நாளில் 17.2 நிமிடம் கூடுதல் அசைவு தெரிந்தது. இது உழைப்பின் கடுமையால் பெருக்கிய நிமிடம். கடிகார நிமிடமாக்கினால் இன்னும் குறையும். மொத்தத்தில் 2.8 சதவீதம்.

சின்ன எண்தான். இருந்தாலும் இந்த ஆய்வை நான் விடமாட்டேன். பூங்கா இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்த்தார்கள். நடைபாதை இருந்த பூங்காக்களுக்கு அருகில் இருந்த பெண்கள் கூடுதலாக அசைந்தார்கள். விளக்கு இருந்த பூங்காக்களுக்கு அருகிலும் அப்படியே.

விளக்கு! பள்ளியும் டியூஷனும் முடிந்து ஒரு பிள்ளை வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கிறது. பகல் முழுக்கத் திறந்து கிடக்கும் மைதானம், பிள்ளைக்கு நேரம் கிடைக்கும்போது இருட்டாக இருந்தால் அது யாருக்கான மைதானம்?

மார்ச் 6

"உடற்பயிற்சியில் ஆர்வமுள்ள குடும்பங்கள்தான் பூங்கா பக்கத்தில் வீடு பார்த்துப் போகும். அப்படியிருக்க பூங்காவால் பிள்ளை ஓடுகிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சரியான கேள்வி. நான் மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளாலும் இதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே காலத்தில் எடுத்த படங்கள். எது முந்தி எது பிந்தி என்பது படத்தில் தெரியாது. 12 வயதுப் பிள்ளை வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை, பெற்றோர்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் பிரச்சினை கொஞ்சம் குறைகிறதே தவிர, தீரவில்லை. நடைப்பயிற்சி போகிற அம்மாவுக்குப் பிறந்த பிள்ளை எங்கே இருந்தாலும் கொஞ்சம் நடக்கும்.

இதற்கு நல்ல பதில், இருந்த இடத்திலேயே எதையாவது மாற்றிவிட்டு முன்னும் பின்னும் பார்ப்பது. அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்து எழுதுகிறேன்.

மார்ச் 9

அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரு மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பழக்கும் இடத்தில் இரண்டு கூடைப்பந்துத் தளங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கட்டணம் கிடையாது. சுற்றியுள்ள வீடுகளிலிருந்து நடந்தே வரலாம். ஆய்வாளர் ஒருவர் வரைபடத்தில் குறித்தால், அந்தப் பகுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் "வசதி உண்டு" என்று எழுதிவிட்டுப் போவார்.

நடப்பது என்ன? மாலை ஆனதும் பெரிய பையன்கள் இரண்டு தளத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களும் பிள்ளைகள்தான். சின்னப் பையன்கள் ஓரத்தில் நின்று பந்து வெளியே வந்தால் எடுத்துக் கொடுக்கிறார்கள். பெண்கள் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வேலி ஓரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். 11 வயதில் என்னிடம் வந்து, அழகாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிய பெண்கள் 13, 14 வயதில் வருவதை நிறுத்துகிறார்கள். காரணம் கேட்டால் "படிப்பு" என்பார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் வேறு வேறு காரணங்கள் வரும். உடை மாற்ற இடம் இல்லை. கழிப்பறை பூட்டியிருக்கிறது. மாதவிடாய் நாட்களில் பயம். வேலிக்கு வெளியே நின்று வெறிக்கிறார்கள். கூட வந்த தோழி நின்றுவிட்டாள், தனியாக வரப் பிடிக்கவில்லை. இந்தக் கடைசிக் காரணத்தைப் பெரியவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் அனுபவத்தில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

இதை ஒரு நகரம் கவனித்துச் சரிசெய்யப் பார்த்தது. 1990-களில் வியன்னாவில், பத்து வயது தாண்டிய பெண்கள் பூங்காவுக்கு வருவது குறைகிறது என்று கண்டார்கள். ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இடங்களைத் திருத்தி அமைத்தார்கள். ஒரே பெரிய திறந்த வெளியாக இருந்ததைப் பாதைகள் போட்டுப் பல சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பந்துக் கூண்டு மட்டும் இருந்த இடத்தில் கைப்பந்து, பூப்பந்து தளங்களும் சேர்ந்தன. பெண்கள் திரும்பி வந்தார்கள். ஒரு குழு வந்து மொத்த இடத்தையும் பிடிக்க முடியாதபடி இடத்தைப் பிரித்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, பின்னிரவு

நாங்களும் ஒரு தளத்தை வாரத்தில் சில மாலைகள் பெண்களுக்கு என்று ஒதுக்கிப் பார்த்தோம். முதலில் காலியாகக் கிடந்தது. "பார்த்தீர்களா, அவர்களுக்கு ஆர்வமே இல்லை" என்று பையன்கள் சொன்னார்கள். பொறுத்தோம். ஒரு பெண் தன் அக்காவைக் கூட்டி வந்தாள், அக்கா தன் தோழிகளைக் கூட்டி வந்தாள். இப்போது அந்த மாலைகளில் இடம் போதவில்லை.

மார்ச் 12

முன்னும் பின்னும் பார்த்த ஆய்வுகளைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இரண்டு இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஒன்று, 2009-இல் வெளியானது. தெற்குக் கலிபோர்னியாவில் பூங்காக்களைப் பல லட்சம் டாலர் போட்டுப் புதுப்பித்தார்கள். புதுப்பிக்காத பூங்காக்களோடு ஒப்பிட்டார்கள். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, இரண்டு வகைப் பூங்காக்களிலும் கூட்டம் குறைந்தது. எப்படி? அந்தக் காலத்தில் பூங்காக்களில் நடத்தப்படும் வகுப்புகள், போட்டிகள் போன்ற ஏற்பாடுகள் குறைந்திருந்தன. குறைந்த கூட்டத்தில் 39 சதவீதத்துக்கு நேரடிக் காரணம் அதுதான் என்று கணக்கிட்டார்கள். கட்டடம் புதிது, நடத்த ஆள் இல்லை.

இன்னொன்று 2007-இல் வெளியானது, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடந்தது. அங்கே புதிதாக எதையும் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு பள்ளி விளையாட்டு மைதானத்தைப் பள்ளி நேரத்துக்குப் பிறகும் வார இறுதிகளிலும் திறந்துவிட்டு, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஆட்களை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். வெளியே வந்து ஓடியாடும் பிள்ளைகளின் எண்ணிக்கை, இதேபோன்ற இன்னொரு பகுதியைவிட 84 சதவீதம் அதிகமாக இருந்தது.

பெருஞ்செலவில் புதுப்பித்த இடத்தில் கூட்டம் குறைந்தது. பூட்டைத் திறந்து ஒரு பொறுப்பான ஆளை நிறுத்திய இடத்தில் கூடியது. நியூ ஆர்லியன்ஸில் வந்தவர்களில் சின்னப் பிள்ளைகளே அதிகம், அதனால் 15 வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் யாராவது கட்டட வரைபடத்தை மேசை மேல் விரித்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "சாவி யாரிடம் இருக்கும்?" என்பதுதான்.

மார்ச் 14

இழை கொஞ்சம் வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை. "ஜிம் என்றாலே எடை தூக்குவது, வளரும் பிள்ளைகளின் உயரம் நின்றுவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிற்காது. சரியாகச் சொல்லித்தர ஆள் இருந்தால், படிப்படியாக எடை கூட்டினால், பதின்வயதினருக்கு அது பாதுகாப்பானது என்பதே குழந்தைநல மருத்துவர்களின் நிலைப்பாடு. உலக சுகாதார நிறுவனமே 5 முதல் 17 வயதுவரை வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது. சராசரியாக நாளுக்கு 60 நிமிட உழைப்பு என்பதோடு இதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆபத்து எடையில் இல்லை. ஆள் பார்க்காத நேரத்தில் நண்பனோடு போட்டி போட்டுத் தூக்குவதில் இருக்கிறது.

பூங்காக்களில் வரிசையாக நிற்கும் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகளைப் பற்றியும் கேட்டார்கள். திறந்தவெளிக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரவிதி, அவை 1.4 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்களுக்கு என்கிறது. பதின்வயதில் பெரும்பாலானோர் அந்த உயரத்தைத் தொட்டுவிடுவார்கள். ஆனால் நான் பார்த்தவரை அங்கே பயிற்சி செய்வது பெரியவர்கள். பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். கையைக் காலை ஒரே மாதிரி ஆட்டுவதில் அவர்களுக்குச் சுவாரசியம் இல்லை. ஜெயிக்கவோ, காட்டிக்கொள்ளவோ, சேர்ந்து சிரிக்கவோ அதில் ஒன்றுமில்லை.

மார்ச் 15

எடைப் பயிற்சி பற்றி எழுதியபோது தோன்றியது. இடுப்பில் கட்டும் அசைவுமானி நடப்பதையும் ஓடுவதையும் நன்றாகப் பிடிக்கும். எடை தூக்குவதைச் சரியாகப் பிடிக்காது. சைக்கிளையும் குறைத்தே காட்டும். நீச்சலுக்குப் பெரும்பாலும் கழற்றி வைத்துவிடுவார்கள். ஆக, ஜிம்மும் நீச்சல் குளமும் தரும் பலனை இந்த ஆய்வுகள் குறைத்து மதிப்பிட வாய்ப்பு இருக்கிறது. வாயால் சொல்வதைக் கேட்டு எழுதும் ஆய்வுகளிலோ பிள்ளைகள் கூட்டிச் சொல்வார்கள். எந்த எண்ணைப் பார்த்தாலும் எதை வைத்து அளந்தார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மார்ச் 21

"எல்லாவற்றுக்கும் காரணம் போன். அதைப் பிடுங்கி வைத்தால் தானாக ஓடுவார்கள். மைதானம் எதற்கு?"

இப்படி மூன்று பேர் எழுதிவிட்டார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை 9 வயதிலிருந்து 15 வயதுவரை தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வு உண்டு. 9 வயதில் நாளுக்குச் சுமார் மூன்று மணி நேரம் நன்றாக ஓடியாடினார்கள். 15 வயதில் அது பள்ளி நாட்களில் 49 நிமிடம், வார இறுதியில் 35 நிமிடம். அந்த அளவீடு நடந்தது 2000-க்கும் 2006-க்கும் இடையே. முதல் ஐபோன் வந்தது 2007-இல். ஸ்மார்ட்போன் கைக்கு வருவதற்கு முன்பே அந்தச் சரிவு நடந்துவிட்டது.

உலக அளவிலும் பாருங்கள். 146 நாடுகளின் 11-17 வயதினரைத் தொகுத்த கணக்கின்படி, போதுமான உடல் உழைப்பு இல்லாத பெண்கள் 2001-இல் 85.1 சதவீதம், 2016-இல் 84.7 சதவீதம். பையன்கள் 80.1-இலிருந்து 77.6. அந்தப் பதினைந்து வருடத்தில்தான் போன் உலகமெங்கும் பரவியது. எண்ணோ பெரிதாக அசையவில்லை. போன் நல்லது என்று நான் சொல்லவில்லை. இரவுத் தூக்கத்தை அது கெடுப்பதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். ஆனால் போன் வருவதற்கு முன்பே நம் பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். போனைத் திட்டிவிட்டு அந்தப் பழைய கடனை மறந்துவிடக் கூடாது.

வார இறுதியில் எண் இன்னும் குறைவதைக் கவனித்தீர்களா? நேரம் அதிகம் இருக்கும் நாளில் அசைவு குறைகிறது. பள்ளி என்ற இடமும், அங்கே கூடும் நண்பர்களும், பி.டி. வகுப்பும் இல்லாத நாட்கள் அவை.

மார்ச் 23

கட்டணம். இதை நான் இதுவரை தொடவே இல்லை.

வேல்ஸில் ஸ்வான்சி பகுதிப் பள்ளிகளில் 13-14 வயதினருக்கு மாதம் 20 பவுண்டு மதிப்புள்ள சீட்டுகளை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த விளையாட்டுக்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம், தேர்வு அவர்களுடையது. பெரும்பாலும் டிராம்போலின் பூங்கா போன்ற இடங்களில்தான் செலவு செய்தார்கள். பயிற்சியாளர், அணித் தேர்வு, போட்டி அட்டவணை இவையெல்லாம் இல்லாமல் நண்பர்களோடு சும்மா குதிக்கிற இடம். பக்கத்தில் இருக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும், யாரும் விரட்டக் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்டது. ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கும் 2007 முதல் பிள்ளைகளின் பொழுதுபோக்கு வகுப்புகளுக்கு ஒரு மானிய அட்டை தருகிறது.

பயிற்சியாளனான எனக்கு இந்த ஸ்வான்சி விஷயம் கொஞ்சம் சுடுகிறது. நன்றாக ஆடுகிற பத்துப் பேரை எடுத்து மீதிப் பேரை அனுப்பிவிடுவதே எங்கள் தொழிலில் வழக்கம். அனுப்பப்பட்டவர்கள் ஆடுவதற்கு எங்கே போவார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்க ஆரம்பிக்க வேண்டும்.

ஏப்ரல் 4

வீட்டை நடுவில் வைத்து வட்டம் போடும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-இல் மெய்-போ குவான் என்ற புவியியலாளர் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயரே வைத்தார். ஒரு மனிதரைப் பாதிக்கும் இடம் எது, அங்கே அவர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பது தெரியாமல் வட்டம் போடுகிறோம் என்பது அவர் வாதம். பதின்வயதுப் பிள்ளைக்கு இது ரொம்பவே பொருந்தும். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பள்ளியில், பிறகு டியூஷனில், நண்பன் வீட்டில். வீட்டு வாசலில் இருக்கும் ஜிம்மைவிட, பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் இருக்கும் தளத்துக்கு நான் பழக்கும் பிள்ளைகள் சுலபமாக வருகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்து, பையை வைத்து, ஒரு முறை படுத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் யாராலும் எழுப்ப முடியாது.

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். கூட்டம் நடக்கப்போகிறதாம், என்ன பேசுவது என்று கேட்கிறார்.

ஜிம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒன்றுமில்லாத பகுதிக்கு ஏதாவது வருவது நல்லதே, நான் முன்பு சொன்ன அந்த ஏழு வசதிகளில் ஒன்றாவது வரட்டும். ஆனால் அதே கூட்டத்தில் பக்கத்துப் பள்ளியின் மைதானத்தை மாலையில் திறக்க முடியுமா என்றும் கேளுங்கள். திறந்து, பொறுப்பாக ஓர் ஆளை நிறுத்துவதற்கு ஆகும் செலவைக் கட்டடச் செலவுக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஜிம்மில் 16 வயதுக்குக் கீழே சேர்ப்பார்களா என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர் துணையில்லாமல் விடமாட்டோம் என்று பல ஜிம்கள் சொல்லும். அப்படியானால் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அது மூடிய கதவுதான். கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் வரைபடத்தில் இருக்கின்றனவா, மாலை எத்தனை மணி வரை விளக்கு எரியும், பெண்களுக்கான நேரம் எது, இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

போவதற்கு முன் உங்கள் 15 வயதுப் பிள்ளையிடம் யாரோடு போக விருப்பம் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சொன்னால், அந்தப் பிள்ளையின் பெற்றோரையும் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.